உடைந்தது கண்ணாடிதான்

சனிக்கிழமை

சென்னை ரிச்சி தெருவில் பழைய டேப்லெட் வாங்கப் போனால் இரண்டு சொற்களைக் கவனித்துக் கேட்க வேண்டும்: டச்சு, டிஸ்ப்ளே. கடைக்காரர் சொன்னார்: "டச்சு போச்சு சார், டிஸ்ப்ளே உயிரோட இருக்கு. போர்டும் செத்துடுச்சு, அதனால ரெடி பண்ணி விக்க முடியாது. கிலோவுக்குப் போடறதுக்குப் பதிலா உங்களுக்குத் தர்றேன்." 2012 மார்ச்சில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஐபேட் அது. மேல் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலையாக விரிசல்.

அந்தக் காலத்து ஐபேடில் தொடுகண்ணாடியும் திரையும் தனித்தனி. நடுவே மெல்லிய காற்றிடைவெளி. கீழே விழுந்தால் கண்ணாடி சிதறும், திரை பெரும்பாலும் தப்பிவிடும். 2014-ல் வந்த ஐபேட் ஏர் 2-இல் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். திரை இன்னும் அழகானது. ஒன்று போனால் இரண்டும் போயிற்று. இன்று செல்போன் கடைகளில் எல்லாமே 'காம்போ'தான்.

ஞாயிறு

வெப்பக்காற்றில் பசையை இளக்கிக் கண்ணாடித் துண்டுகளை எடுத்தாயிற்று. திரை நான்கு மூலையிலும் திருகாணியில் உட்கார்ந்திருக்கிறது. கழற்றித் திருப்பினால் முதுகில் ஸ்டிக்கர்: எல்ஜி தயாரிப்பு, எல்பி097க்யூஎக்ஸ்1. இந்த எண்தான் முக்கியம். ஆப்பிள் சின்னத்தை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. இந்த எண்ணைக் கொண்டு தேடினால் எந்தக் கம்பி எதற்கு என்பது வரை கிடைக்கிறது.

9.7 அங்குலத்தில் 2048-க்கு 1536 புள்ளிகள். அதே அளவுள்ள ஐபேட் 2-இல் 1024-க்கு 768தான். நேராக நான்கு மடங்கு. அங்குலத்துக்கு 264 புள்ளி.

திங்கள்

இந்தத் திரையை மட்டும் ஏன் இத்தனை பேர் தேடி எடுத்துக் கணினிக்கு மானிட்டராகப் பயன்படுத்துகிறார்கள்? கூர்மை ஒரு காரணம். பெரிய காரணம், அது பேசும் முறை. உள்ளே இருப்பது இடிபி, அதாவது கருவிகளுக்கு உள்ளேயே இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட். வீசா என்ற தரநிலை அமைப்பு வகுத்தது. கணினியின் முதுகில் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் இதற்கும் மின்னளவில் வேற்றுமை இல்லை என்றே சொல்லலாம். கணினி திரையைக் கூப்பிட்டு 'உன் அளவு என்ன' என்று கேட்கும். திரை பதில் சொல்லும். எந்த வேகத்தில் பேசலாம் என்று இருவரும் முடிவு செய்துகொள்வார்கள். இடையில் மொழிபெயர்க்கும் சில்லு எதுவும் வேண்டாம்.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2048 × 1536 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 60 முறை: ஏறத்தாழ 4.5 கிகாபிட். டிஸ்ப்ளேபோர்ட்டின் மிகக் குறைந்த வேகத்திலேயே நான்கு இணைக்கம்பிகள் சேர்ந்து சுமார் 5.2 கிகாபிட் சுமக்கும். இடம் மிச்சமிருக்கிறது.

ஆகவே கணினியையும் திரையையும் இணைக்கும் இடைப்பலகை என்பது பெரும்பாலும் வெறும் கம்பித் தடங்கள்தான். ஆனால் அந்தத் தடங்கள் சும்மா போனால் போதாது. ஒரு இணையின் இரு தடமும் ஒரே நீளம், 100 ஓம் மின்மறுப்பு. திரையின் இணைப்பானோ கையால் பற்றவைக்கப் பயப்படும் அளவுக்குப் பொடி. ஊசிக்கும் ஊசிக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆர்வலர்கள் வரைந்து பொதுவில் வைத்த பலகை வடிவங்கள் இருக்கும்போது, செய்து முடித்த பலகையையே வாங்குவது கண்ணுக்கும் நல்லது.

புதன்

இரவு பலகையை மாட்டி மடிக்கணினியோடு இணைத்தேன். திரை இருட்டு. ஆனால் கணினியில் '2048 × 1536' என்று புது மானிட்டர் பதிவாகிவிட்டது. அறை விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்தால், உள்ளே மங்கலாக டெஸ்க்டாப் தெரிகிறது, ஐகான்கள் உட்பட. படம் வருகிறது, வெளிச்சம்தான் வரவில்லை. பழுது பார்ப்பவர்கள் முதலில் செய்யும் சோதனை இது.

பின்னொளி தனிக்கதை. திரவப் படிகம் தானாக ஒளிராது; விளிம்பில் வரிசை வரிசையாக எல்இடி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட், வரிசையில் ஆறேழு கோத்தால் 20 வோல்ட்டைத் தொடும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டை அந்த உயரத்துக்கு ஏற்றி, மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் சுற்று ஒன்று வேண்டும். எல்இடிக்கு வோல்ட்டைவிட மின்னோட்டமே எமன். சுற்றை இணைத்து, மிகக் குறைந்த ஒளியில் தொடங்கி மெல்ல ஏற்றினேன். ஒளி வந்தது.

வியாழன்

முதலில் திறந்தது பழைய வார இதழ் ஒன்றின் ஸ்கேன். பக்கம் முழுதும் ஒரே பார்வையில். திரையின் 4:3 வாட்டம் அச்சுப் பக்கத்துக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. அகலத்திரையில் ஒரு பக்கம் படிக்க மூன்று முறை உருட்ட வேண்டும். ஆங்கில எழுத்து மங்கினாலும் ஊகித்துவிடலாம். தமிழில் மெய்யின் புள்ளி மங்கினால் 'கல்' 'கல' ஆகிவிடும். பொடி எழுத்தில் அச்சான பதில் பகுதியில்கூட ஒவ்வொரு புள்ளியும் தனித்து நிற்கிறது.

சனிக்கிழமை

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோடு சேர்க்கும் வேலை. பை 4 தருவது எச்டிஎம்ஐ. கடையில் கிடைக்கும் மலிவுக் கம்பிகள் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மட்டுமே போகும், ஒருவழிப் பாதை. எதிர்த்திசைக்கு உள்ளே சில்லு வைத்த மாற்றி தேவை, விலையும் கூடுதல். பெட்டியின்மேல் எந்தப் பக்கம் உள்ளீடு என்பதைப் படிக்காமல் காசு கொடுக்கக் கூடாது.

ஞாயிறு

நண்பர் ஒருவர் நெக்ஸஸ் 7 டேப்லெட் கொண்டுவந்தார், 2013 மாடல். 7 அங்குலத்தில் 1920-க்கு 1200, அங்குலத்துக்கு 323 புள்ளி. "இதையும் இதே மாதிரி ஓட்டிடலாம்ல?" என்றார். என் திரையைவிடக் கூர்மை; ஆனால் கதை வேறு. இது எம்ஐபிஐ டிஎஸ்ஐ வகை. மின்சாரம் கொடுத்ததும் இந்தத் திரைக்குக் குறிப்பிட்ட கட்டளைகளை வரிசை தவறாமல் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் விழிக்காது. அந்த வரிசை திரைக்குத் திரை வேறு, தயாரிப்பாளர் கையில்தான் இருக்கும். நெக்ஸஸுக்கு மட்டும் அதிர்ஷ்டம்: ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல், அதன் உரிமம் மூலநிரலை வெளியிடச் சொல்கிறது. இந்தத் திரைக்கான கட்டளைகளும் இன்று லினக்ஸிலேயே இருக்கின்றன. ஆனாலும் இந்தத் திரைக்கு நான்கு தரவுத் தடம் வேண்டும். பை 4-இன் திரை இணைப்பில் இரண்டே தடம். 2023-இல் வந்த பை 5-இல்தான் நான்கு.

திங்கள்

ஒரு வாரத்துக்கும் மேலாகத் திரைகளோடு புழங்கியதில் ஒன்று தெளிவு. பொருள் பழசாகிச் சாவதில்லை. அதோடு பேசத் தெரிந்தவர்கள் இல்லாமல் போவதால் சாகிறது. ஐபேட் திரை பிழைத்தது அதைச் செய்தவர்களின் தாராளத்தால் அல்ல, பொதுத் தரநிலையைப் பின்பற்றியதால். நெக்ஸஸ் திரைக்கு வாய்ப்பு மிஞ்சியிருப்பது ஒரு உரிமத்தின் நிபந்தனையால். இரண்டு வாசலும் இல்லாத எத்தனையோ திரைகள், கீறல்கூட இல்லாமல், கிலோக் கணக்கில் போய்க்கொண்டிருக்கின்றன. இனி எதை வாங்கினாலும் நான் முதலில் கேட்கப்போவது எத்தனை புள்ளி என்று அல்ல. முதுகில் இருக்கும் எண்ணைத் தேடினால் விவரம் கிடைக்குமா என்றுதான். கிடைக்காவிட்டால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.