யொக்க, யோக்க

நாற்பதைக் கடந்தபின் நாள் பார்க்கத் தெரியாதவர்களாகிப்போவோம் என்று நாங்கள் எண்ணியிருக்கவில்லை. 2019 மார்ச் இறுதியில் கியோத்தோ நகரில் போய் இறங்கினோம். எங்களுள் ஒருவருக்கு ஓராண்டு ஆய்வு நல்கை. மற்றவருக்கு ஊதியமில்லா விடுப்பு. இருவரும் ஒரே வகுப்பில் தமிழ் முதுகலை படித்தவர்கள், பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ் நடத்தி வந்தவர்கள். மகளுக்குப் பத்து வயது. வீட்டருகே இருந்த தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். முதல் வாரத்திலேயே அவளுடைய பையிலிருந்து தாள்கள் வரத் தொடங்கின. எந்தத் தாளைப் பிரித்தாலும் ஏதோ ஒன்று, ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு நேரத்தில் நடக்கவிருந்தது. எண்கள் நாம் அறிந்த எண்களே. அவற்றைச் சூழ்ந்து நின்ற எழுத்துகள்தாம் வாய் திறக்கவில்லை.

ஆகவே கான்ஜியைக் காலத்திலிருந்து தொடங்கினோம். வாரத்துக்கு ஒருநாள், ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் கட்டணமின்றிச் சொல்லிக்கொடுத்தார்.

தொடக்கம் இனிதாகவே இருந்தது. நடுவே ஒரு கோடிட்ட பெட்டி: அது சூரியன், அதுவே நாள், ஞாயிற்றுக்கிழமையின் தலையெழுத்தும் அதுவே. அடிப்பக்கம் திறந்து இரண்டு கால்களில் நிற்கும் இன்னொரு பெட்டி: நிலா, மாதம், திங்கட்கிழமை. ‘இந்த இடத்தில் திங்கள் என்றால் நிலவு, அந்த இடத்தில் மாதம்’ என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிச் சலித்த எங்களுக்கு, அயல்நாட்டில் பங்காளி வீட்டைக் கண்டதுபோல் இருந்தது. நிமிடத்தைக் குறிக்கும் எழுத்தில் பிளவுபடும் எட்டின் கீழே ஒரு கத்தி இருக்கிறது. காலத்தை வெட்டித் துண்டாக்குகிறார்கள். முற்பகல், பிற்பகல் என்பவற்றைக் குதிரைக்கு முன், குதிரைக்குப் பின் என்று எழுதுகிறார்கள். பழைய கணக்கில் நண்பகல் குதிரையின் நேரம். ஆண்டுக்கான எழுத்து அதன் மிகப் பழைய வடிவத்தில் கதிர் சுமக்கும் ஓர் ஆளாம். ஓர் அறுவடைக்கும் மறு அறுவடைக்கும் இடைப்பட்டது ஆண்டு. இதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்த அகராதியிலும் நாங்கள் கண்டதில்லை.

கிழமைகளில் சற்று நின்றுவிட்டோம். நெருப்பு, நீர், மரம், பொன், மண் என்று அவர்கள் எழுதுபவை செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் அதே ஐந்து கோள்கள், வரிசையும் அதுவே. நம் வெள்ளி அங்கே பொன்! கிழமைகளின் இந்த வரிசை ஜப்பானுக்குப் போனதில் ஒரு சோதிட நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. 759-இல் அதைச் சீனத்தில் ஆக்கித் தந்தவர் அமோகவஜ்ரர் என்னும் பௌத்தத் துறவி. அவருடைய ஆசான் வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனம் சென்றவர். நூலை 806-இல் ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் கூக்காய். ஆயினும் நெடுங்காலம் கிழமை சோதிடர்களின் நாட்காட்டிக் குறிப்பாகவே கிடந்தது. 1873-இல் மேலை நாட்காட்டியை ஏற்றார்கள். அரசு அலுவலகங்களுக்கு ஞாயிறு விடுமுறையானது 1876-இல்தான். இதையெல்லாம் தேடிப் படித்துப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தோம். பள்ளித் தாள்கள் மேசையில் சேர்ந்துகொண்டிருந்தன. ஆய்வாளர்களிடம் இந்தக் குறை உண்டு.

விண்ணப்பங்களில் பிறந்த ஆண்டு தனிச்சிக்கல். பேரரசரின் ஆட்சியாண்டில் கேட்பார்கள். நாங்கள் இருவரும் ஷோவா 53. மகள் ஹெய்செய் 21. 2019 மே 1 அன்று ரெய்வா பிறந்தது. அதன் முதலாண்டை ‘ஒன்று’ என்னாமல் ‘தொடக்க ஆண்டு’ என்றே எழுதும் வழக்கமும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் மன்னன் பெயருக்குப் பின்வரும் யாண்டு எண்ணைக் கொண்டு காலம் கணிக்கப் பழகியிருந்ததால், இந்த ஓரிடத்தில் மட்டும் நாங்கள் திணறவில்லை.

திணறியது தேதியில். மாதத்தின் முதல் பத்து நாள்களுக்குத் தனித்தனிப் பெயர்கள். எண்ணும் முறையே வேறு. முதல் நாளின் பெயருக்கு நிலவு எழுதல் என்பது வேர்ப்பொருள்; பிறை பார்த்து மாதம் தொடங்கிய காலத்தின் மிச்சம். நான்காம் நாளும் எட்டாம் நாளும் எங்கள் நோட்டில் இப்படி இருந்தன: ‘யொக்க’, ‘யோக்க’. எட்டாம் நாளில் ககரம் இரட்டிக்காது. ஆனால் ‘யோக’ என்று எழுதினால் தமிழ் நா அதை யோகாசனம் ஆக்கிவிடும். ஆகவே நாங்களே ஓர் ஒற்றைச் செருகினோம். எஞ்சிய வேறுபாடு ஒரு கொம்பின் சுழிப்பு மட்டும்.

சூலைத் தொடக்கத்தில் ஒரு மாலை வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். பெற்றோர் சந்திப்பின் நாளை மாற்ற வேண்டியிருந்தது போலும். நாளும் நேரமும் எங்கள் காதில் விழுந்தன. எட்டாம் தேதி, நான்கு மணி. புரிந்தது என்று இருமுறை பெருமிதத்தோடு சொல்லிவிட்டு வைத்தோம்.

அவர் சொன்னது நான்காம் தேதி. அன்று நான்கு மணி முதல் ஐந்து மணிவரை ஆசிரியையும் மகளும் வகுப்பறையில் காத்திருந்திருக்கிறார்கள். தொலைபேசி மணி அடித்தபோது இருவரும் வெளியே இருந்தோம். வீடு திரும்பிய மகள் புத்தகப்பையைக் கழற்றாமலே நின்றாள்.

“நாலாம் தேதின்னு எனக்குத் தெரியும்மா. நீ ஃபோன்ல அவ்வளவு தைரியமா புரிஞ்சுதுன்னு சொன்னியா, அதான் நான் எதுவும் சொல்லல.”

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று பதினைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கைகள் எங்களுடையவை. குறில் நெடில் பிழைக்காக எத்தனை விடைத்தாள்களில் சிவப்பு மை இட்டிருப்போம். அடுத்த வகுப்பில் மூதாட்டியிடம் சொன்னதும் அவர் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். இரண்டு சொற்களுக்கும் மும்மூன்று தட்டு. அவர்கள் மொழியில் ஒற்றும் ஒரு முழு மாத்திரை. ஆகவே ஒன்றில் ஒற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தை மற்றதில் நெடில் எடுத்துக்கொள்கிறது. கூட்டினால் இரண்டும் சமம். நம் யாப்பிலும் இரண்டும் நேர்நேர், தேமாதான். அலகிட்டுப் பழகிய காது இரண்டையும் ஒன்றாக்கியதில் வியப்பில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். சமாதானத்துக்குச் சொல்லிக்கொண்டோம் என்பதே சரி.

சந்திப்பு பத்தாம் தேதிக்கு மாறியது. ஆசிரியை மாதத்தின் கட்டங்கள் கொண்ட தாளில் 10-ஐ வட்டமிட்டு மகளிடம் கொடுத்தனுப்பினார். பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டோம். பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த நாற்காலிகளில் மூவரும் அமர்ந்தோம். மொழிபெயர்க்க மகளைத் தவிர வேறு யாருமில்லை. ஆசிரியை மென்மையான குரலில் நான்கைந்து வாக்கியங்கள் பேசினார். மகள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“நான் நல்லா படிக்கறேனாம்.”

நான்கைந்து வாக்கியங்கள் ஒன்றாகச் சுருங்கியிருந்தன. அவற்றுள் இரண்டு சொற்கள் எங்களுக்குப் பிடிபட்டிருந்தன. ஒன்று ‘மைநிச்சி’, சூரியப் பெட்டி சேர்ந்த சொல், நாள்தோறும் என்று பொருள். மற்றது ‘ஹித்தோரி’, தேதிகளுக்கு அடுத்த பக்கத்தில், ஆள்களை எண்ணும் பட்டியலில் முதலாவதாக இருந்தது. ஒருவர், ஒற்றையாள்.

ஆசிரியை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்தது என்று இம்முறை நாங்கள் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் காமோ ஆற்றங்கரையில் மூவரும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். மகள் கல் எறிந்துகொண்டிருந்தாள். பள்ளியில் மதிய உணவின்போது யாருடன் உட்காருவாய் என்று அவளிடம் தமிழில் கேட்டோம்.