பாடி கட்டுதல்: வித்துரா நாட்குறிப்புகள்

2024 ஜூன் 2

கேம்பர் என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு ஆகியவற்றை ஒரே கூட்டுக்குள் அடக்கி, நின்ற இடத்திலேயே வாழ இடம்தரும் வாகனம். மின்வாரியத்தின் கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத இடங்களில் பல நாட்கள் தங்குவதற்காக அதை அமைக்கும்போது, தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் நீரையும் அது தானே சுமந்து செல்ல வேண்டியதாகிறது. இக்குறிப்புகளுக்குப் பொருளான வாகனம் ஒரு பழைய டி.எம்.பி. லாரி. டாட்டா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் தயாரித்த, டாட்டா-மெர்சிடிஸ்-பென்ஸ் என்ற பெயரின் சுருக்கத்தால் அறியப்பட்ட வகையைச் சேர்ந்தது அது. ஒப்பந்தம் 1969இல் முடிந்தபின் வந்த லாரிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இல்லை. இந்த லாரியில் அது இருப்பதால், அதன் வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது.

இதை வாங்கியவரும் இக்குறிப்புகளை எழுதுபவரும் ஒருவரே. நாற்பது ஆண்டுகளாக மோட்டார்சைக்கிளில் மலைப்பாதைகளைச் சுற்றி வந்த அவருடைய கீழ்முதுகுத் தட்டு விலகிவிட்டதால், இனி இருசக்கர வாகனம் கூடாது என்று மார்ச் மாதத்தில் மருத்துவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். 1971ஆம் ஆண்டு புல்லட் தார்ப்பாய்க்குள் போனது. ஏப்ரலில், மூடப்பட்ட ஒரு மரஅறுப்பு ஆலையின் பின்புறத்தில் கிடந்த லாரி, கேரளத்தின் வித்துராவிலுள்ள வீட்டு முற்றத்துக்கு வந்தது. நாட்களின் கணக்கு கையைவிட்டு நழுவுவதாகத் தோன்றியதால் இந்தக் குறிப்பேடு தொடங்கப்படுகிறது.

ஜூன் 5

மழை, கூடு கட்டும் ஆசாரி வரவில்லை.

ஜூன் 14

லாரியின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தாலும் தகட்டாலும் கூடு எழுப்பும் தொழிலுக்குத் தமிழ்நாட்டின் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் 'பாடி கட்டுதல்' என்று பெயர். வித்துரா ஆசாரியும் அதே சொல்லையே பயன்படுத்துகிறார். சரக்குக்குப் பாடி கட்டுவதற்கும் மனிதர் வசிக்கப் பாடி கட்டுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு என்பது இன்று தெளிவாயிற்று. சேஸ் எனப்படும் அடிச்சட்டம் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களையும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்டது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி எதிர்மூலைச் சக்கரம் மேட்டில் ஏறும்போது அது முறுக்கிக்கொள்கிறது. முறுக்குவது குறையன்று, சட்டம் முறுக்குவதனால்தான் நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பற்றியிருக்கின்றன. பலகைகள் தளர்வாகப் பொருந்திய சரக்குப் பாடி அந்த முறுக்கலோடு தானும் அசைந்துகொடுக்கும். நான்கு பக்கமும் மூடி, கூரையும் சன்னலும் வைத்த பெட்டியால் அது முடியாது. நான்கு மூலையிலும் போல்ட் இட்டு இறுக்கினால் முதலில் சன்னல் மூலைகளும் பிறகு தளமும் விரிசல் விடும்.

இதற்குரிய தீர்வு மூன்று புள்ளித் தாங்கல். பெட்டியின் ஒரு முனை இரண்டு புள்ளிகளில் சட்டத்தோடு பிணைக்கப்படும். மறுமுனை நடுவிலுள்ள ஒரே ஒரு சுழல் கீலின்மேல் அமரும். சட்டம் எப்பக்கம் முறுக்கினாலும் கீல் திரும்பிக்கொடுக்க, பெட்டி தன் வடிவத்தை இழக்காமல் நிற்கிறது. இந்தத் தாங்கலின் படத்தைக் கண்ட ஆசாரி நெடுநேரம் பேசவில்லை. பிறகு தீப்பெட்டி ஒன்றை வளைந்த இரண்டு ஈர்க்குச்சிகளின்மேல் வைத்து, குச்சிகளை எதிரெதிராகத் திருகி, பெட்டி எந்த மூலையில் தூக்குகிறது என்று பார்த்துவிட்டு, நடுவில் ஒரு குண்டூசியைச் செருகி மறுபடியும் திருகினார். பெட்டி அசையவில்லை. அதன்பிறகே அவர் அளவுநாடாவை எடுத்தார்.

ஜூன் 21

இன்று முழுவதும் வாகனச் சட்டங்களைப் படிப்பதில் கழிந்தது. படிக்கப் படிக்க மனம் சோர்ந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உறுதிப்படுத்தியது. பாதுகாப்பை எண்ணும்போது அதன் நியாயம் விளங்குகிறது. அளவுக்கு மீறிய பெட்டியைத் தாங்கிய லாரி கொண்டையூசி வளைவில் கவிழ்ந்தால் உள்ளிருப்பவர் மட்டுமே அடிபடுவதில்லை. ஆகவே, அனுமதி பெறாமல் பெட்டியை அடிச்சட்டத்தில் ஏற்றுவதில்லை என்றும் விண்ணப்பத்தை முறைப்படி நிரப்பிக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதிகள் வேறொரு திசையில் செல்கின்றன. முதற்பதிவுக்குப்பின் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவையும், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாதவையுமான தனிப்பயன் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு எண் கிடைக்கும். அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. தார்ப்பாய்க்குள் இருக்கும் புல்லட்டுக்கு அந்தத் தகுதி உண்டு, சரக்கு லாரிக்கு இல்லை. ஓடாதிருப்பதற்காக ஒன்று மதிக்கப்படும்போது, இத்தனை ஆண்டுகள் ஓடி உழைத்த மற்றொன்றுக்கு அந்த ஏட்டில் பெயரே இல்லாதிருப்பது வருத்தம் தருகிறது.

ஜூன் 22

எதுவும் எழுதுவதற்கில்லை.

ஜூலை 9

இன்று விளக்கு எரிந்தது. முற்றத்தில் முட்டுக்கட்டைகளின்மேல் நிற்கும் பாதிப் பெட்டியின் கூரையில் 330 வாட் திறனுள்ள இரண்டு சூரியப் பலகைகளும், உள்ளே 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலமும் பொருத்தப்பட்டன. மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டரை யூனிட். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடச் செலவாகும் மின்சாரம். 28 வாட் மின்விசிறி இரவு எட்டு மணி நேரம் சுழன்றாலும் கால் யூனிட் ஆகாது. ஆனால் 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை ஒரு மணி நேரம் எரித்தால் மின்கலத்தில் பாதிக்குமேல் தீர்ந்துவிடும். ஆகவே சமையலுக்கு எரிவாயுவே முடிவாயிற்று. நல்ல வெயிலில் ஒரே பகலில் மின்கலத்தை நிரப்பிவிடக்கூடிய இந்தப் பலகைகள், வித்துராவின் மழைமூட்டத்தில் அரை யூனிட் கூடத் தரவில்லை. எனினும் மாலையில் ஐந்து வாட் விளக்கு எரிந்தபோது, மார்ச் மாதத்துக்குப்பின் முதன்முறையாக முதுகின் நினைவு வரவில்லை. கூந்தர் ஹோல்டார்ஃப் என்ற ஜெர்மானியர் 'ஓட்டோ' என்று பெயரிட்ட ஒரே மெர்சிடிஸ் ஜீ-வாகனத்தில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்து 2014இல் ஊர் திரும்பினார் என்பது அவ்வேளையில் எட்ட முடியாத செய்தியாகத் தோன்றவில்லை.

ஜூலை 17

மூன்று புள்ளித் தாங்கலுக்கு முன் சட்டத்தின் முறுக்கலை அளந்துகொள்வதற்காக, பழைய சரக்குத் தளத்தோடேயே லாரி போனக்காட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்டது. போனக்காடு, அகத்தியர்கூட மலைப் பயணம் தொடங்கும் அடிவாரத்தில், உற்பத்தி நின்றுபோன ஒரு தேயிலைத் தோட்டம். தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் பல, தொழிற்சாலை ஓய்ந்த பின்னும் அங்கேயே தங்கிவிட்டன. அவர்கள் வாழும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். வித்துரா சந்தை முக்கில், லாரி வெறுமையாக மேலே போகிறது என்று கேள்விப்பட்ட ஒருவர், கூரை ஒழுகும் லயத்து வீடு ஒன்றுக்காகப் பன்னிரண்டு தகரத் தகடுகளை ஏற்றிவிட்டார். வெறும் லாரி மலையேறுவது அங்குள்ளவர்களுக்குப் பொருந்தாத காட்சி.

தகடுகளை இறக்கும்போது, எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் முகப்பு நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தார். லாரியில் வீடு கட்டும் திட்டத்தை அவரிடம் விளக்க நேர்ந்தது.

"எத்தனை பேரு படுக்கலாம் தம்பி?"

இரண்டு பேர் என்று சொல்லப்பட்டது.

"எங்க லயத்து அறைல ஒம்பது பேரு படுத்தோம். கரண்டு இல்லாத எடத்துக்குப் போயி என்ன செய்வீக?"

விடை கிடைக்கவில்லை, பேச்சு தகரத்துக்கு வேண்டிய ஆணிகளின் பக்கம் திரும்பியது. திரும்பும் வழியில் அளந்தபோது சட்டத்தின் முறுக்கல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது.

ஜூலை 30

இன்று அதிகாலையில் வயநாட்டின் மேப்பாடி ஊராட்சியில் மலை சரிந்து, முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை ஆறு அடித்துச் சென்றுவிட்டது. இறந்தவர் எண்ணிக்கை மணிக்கு மணி உயர்கிறது. உறக்கத்தில் இருந்தவர்களுள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. வரிசை வீடுகளை வயநாட்டில் லயம் என்பதில்லை. அங்கே அவற்றுக்குப் 'பாடி' என்று பெயர். தொலைக்காட்சியில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப ஒலித்தது.

முற்றத்தில் ஆசாரி வந்து நின்றார். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பப்பட்டார்.

ஆகஸ்ட் 1

சூரல்மலையில் ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் பிரிவு 190 அடி நீளப் பெய்லி பாலத்தை மாலைக்குள் முடித்துவிட்டது. பெய்லி பாலம் என்பது, ஆட்கள் தூக்கிச் செல்லக்கூடிய எஃகுச் சட்டங்களை ஊசிகளால் கோத்து அமைக்கும் தற்காலிகப் பாலம். இரண்டாம் உலகப்போரின்போது டொனால்டு பெய்லி என்ற ஆங்கிலப் பொறியாளர் அதை வடிவமைத்தார். 24 டன் வரை தாங்கும் அந்தப் பாலத்தின்மேல் முதல் வண்டி ஊர்ந்து போன காட்சி இரவு முழுவதும் கண்ணைவிட்டு அகலவில்லை.

ஆகஸ்ட் 19

பக்கத்து வீட்டுப் பையன் கேட்டதற்கிணங்கப் புல்லட்டின் தார்ப்பாய் விலக்கப்பட்டது. பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவதில் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அமுக்கும்போது ஆம்பியர் மீட்டரின் முள் இடப்புறத்திலிருந்து நகர்ந்து நடுவுக்கு வரும். அந்தக் கணத்தில் பிஸ்டன் உரிய இடத்தில் இருக்கிறது என்று பொருள். பிறகு அழுத்தம் குறைக்கும் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, முழு எடையையும் ஒரே உதையில் இறக்க வேண்டும். முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் எதிர்த்தடித்துக் கணுக்காலைப் பதம்பார்க்கும். பையன் இரண்டுமுறை தவறினான். மூன்றாம்முறை முள் நடுவுக்கு வந்தவுடன் அவனே நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, தலையசைப்புக்காகக் காத்திருந்தான். இயந்திரம் பிடித்துக்கொண்டது. அருகில் முக்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் வண்டியில் ஏறவில்லை. அணைக்கச் சொல்லவும் மனம் வரவில்லை.

செப்டம்பர் 15

திருவோணம். வயநாட்டுத் துயரத்தை முன்னிட்டு அரசின் ஓண வாரக் கொண்டாட்டங்கள் இவ்வாண்டு இல்லை. முதுகுவலி கடுமையாக இருக்கிறது.

செப்டம்பர் 28

சுழல் கீல் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. ஆறடி அகலக் கட்டிலுக்காக அறுத்த பலாப் பலகைகள் ஜூலையிலிருந்து சுவரில் சாய்ந்தே நின்றன. அவற்றை இரண்டாகக் கிழித்து, பெட்டியின் இருபுறமும் நீளவாக்கில், மடக்கக்கூடிய பெஞ்சுகளாக அமைக்கும்படி ஆசாரியிடம் இன்று சொல்லப்பட்டது. தண்ணீர்த் தொட்டியும் 150 லிட்டரிலிருந்து 300 லிட்டராகிறது. நீரில் மட்டும் கூடும் 150 கிலோ எடை எந்த அச்சின்மேல் விழும் என்பதைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். இருவருக்கு இவ்வளவு எதற்கு என்று ஆசாரி கேட்டார். கட்டிலைவிடப் பெஞ்சுக்கு மரம் குறைவாகப் பிடிக்கும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. கணக்குப் பார்த்தால் அது உண்மையன்று.

போனக்காட்டுக்கு இன்னும் எட்டுத் தகடுகள் வேண்டும் என்று சந்தை முக்கிலிருந்து செய்தி வந்திருக்கிறது. மாற்றத்துக்கான விண்ணப்பத்தில் பொறி எண், அடிச்சட்ட எண், எடை, நீளம், அகலம், உயரம் ஆகிய அனைத்தும் நிரப்பப்பட்டுவிட்டன. இருக்கைகளின் எண்ணிக்கைக்கு உரிய கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.