தாயார் போட்ட கையெழுத்து

உபாத்தியாயரை ஏமாற்றுவது எளிதன்று. மார்க்கு அட்டையில் தகப்பனார் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையாண்டானே போட்டுவிட்டு வரும் கோணல் எழுத்தை இருபது வருஷமாகப் பிடித்துவரும் கண்கள் நம்முடையவை. அந்தக் கண்களைத்தான் ஹாலிவுட் புகைப்படம் ஒன்று ஏமாற்றிவிட்டது.

பழைய சினிமா நட்சத்திரங்கள் கையெழுத்திட்ட காகிதங்களைச் சேர்ப்பது நமக்கு நெடுநாளைய பைத்தியம். சென்ற வருஷம், பெண்ணின் வளையலுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பகுதியை ஓசைப்படாமல் எடுத்து, ஜீன் ஹார்லோவின் கையெழுத்திட்ட படத்தைக் கடல் கடந்து வரவழைத்தோம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரசிகர்களுக்குச் சென்ற படங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்திட்டவர் அவருடைய தாயாராம்! ஒப்பிட்டுப் பார்த்தோம், நம்முடையதும் அவ்வகையே.

விவரமறிந்தவர்கள் இதனால்தான் படத்தை நம்புவதில்லை. செக்கையும் ஒப்பந்தப் பத்திரத்தையும் தேடுகிறார்கள். பாங்கிக்காரன் அன்புக்கு மயங்குவானா? பணம் கொடுத்ததற்கு அடையாளமாக அவன் அந்நாளில் செக்கில் துளையிட்டதுண்டு. துளை கையெழுத்தின் மேல் விழுந்தால் விலை குறையும். ரசிகர்களுக்குக் கையெழுத்திட மறுப்பதில் பேர்போன கிரேட்டா கார்போவும் செக்கில் போடத்தானே வேண்டியிருந்தது! அன்புக்குப் போட்டது சந்தேகம், கடனுக்குப் போட்டது நிச்சயம் என்றாகிறது. அத்தகைய ஹார்லோ செக்கு வாங்க நம் சம்பளம் போதாது.

கோபம் தணிந்த பிறகு அந்தத் தாயாரின் கதையைப் படித்தோம். நடிகையாக வேண்டும் என்ற ஆசையோடு 1923-ல் மகளையும் அழைத்துக்கொண்டு ஹாலிவுட்டுக்குச் சென்றவர் அவர். முப்பது வயதைக் கடந்தவரை அங்கே யார் சீந்துவார்கள்? ஏமாற்றமே மிச்சம். மகளின் இயற்பெயர் ஹார்லீன் கார்ப்பெண்டர். அவள் படத்தில் நடிக்கப் புகுந்தபோது சூட்டிக்கொண்ட ‘ஜீன் ஹார்லோ’ என்பது தாயாரின் கன்னிப் பருவத்துப் பெயர். 1930-ல் ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தினால் அப்பெயர் உலகப் பிரசித்தி பெற்றது. 1937 ஜூன் 7-ஆம் தேதி, இருபத்தாறே வயதில், மகள் மறைந்தாள்.

படத்தைத் திருப்பி அனுப்புவதாக விற்றவருக்குக் கடிதம் எழுதி, தபால் தலை ஒட்டும் தறுவாயில் இதையெல்லாம் வீட்டில் சொன்னோம்.

“அந்த அம்மாள் தன் பெயரைத்தானே எழுதியிருக்கிறாள்? இதில் பொய் எங்கே வந்தது? வைத்துக்கொள்ளுங்கள்” என்றாள் மனைவி.

கடிதம் இன்னும் மேஜையின் மீதே இருக்கிறது. வளையலைப் பற்றி நல்ல வேளையாகப் பேச்சு எழவில்லை.