எட்டாவது கேள்வி

ஐம்பத்தாறு வயதில் மறுபடியும் ஒரு கேள்வித்தாள். 1992இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர்கள் வகுத்தது. கழித்த பின்னும் மிச்சமிருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் போகிறீர்களா, விட்டுவிட்டு வருகிறதா, அடக்க முடியவில்லையா, தாரை மெலிந்துவிட்டதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை தரம் எழுந்திருக்கிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஐந்து வரை மார்க். மொத்தம் 35. ஏழு வரை லேசு. 19 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை.

கவிதைக்கு மார்க் போடுவதை எதிர்த்து எழுதியவன் நான். அனுபவ உண்மை இல்லை என்று எத்தனையோ பேரின் வரிகளை நிராகரித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டினால் ஆறு வருகிற மாதிரி போட்டேன். இரவுக்கு ஒன்று. கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். பயம்தான். ரப்பர் குழாயும் பையுமாகக் கிடந்த அப்பாவின் கடைசி மாதங்கள்.

மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். 'நேத்து நாலு தரம் எழுந்தீங்க.'

அவள் தூங்காமல் எண்ணிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. திருத்தினேன். பதினேழு.

டாக்டருக்கு என் மகன் வயசிருக்கும். கையுறை மாட்டி, ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்த்தார். சுரப்பி வீங்கியிருக்கிறது, ஆனால் வழவழப்பாக இருக்கிறது என்றார். கல் மாதிரி இறுகியோ முண்டு தட்டியோ இருந்தால் புற்றுநோயைச் சந்தேகிப்பார்களாம். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்க்க எழுதிக் கொடுத்தார். அதுவும் தீர்ப்பில்லை, வெறும் வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட ஏறும். 1970இல் அதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்ளினே, அதைக்கொண்டு ஆண்களையெல்லாம் சலித்தெடுப்பது தவறு என்று 2010இல் எழுதினார்.

இன்னொன்றும் சொன்னார் டாக்டர். சுரப்பியின் அளவுக்கும் அவஸ்தையின் அளவுக்கும் நேர்சம்பந்தம் கிடையாது. பெரிய சுரப்பிக்காரன் விடியவிடியத் தூங்குவான். சின்னது ஒருவனை ஆட்டிவைக்கும். ஸ்கேன் சுரப்பியை அளக்கும், பையில் தங்கிய நீரை அளக்கும். அவஸ்தையை அவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் பொய் சொன்னால் வைத்தியமும் அந்தப் பொய்க்குத்தான் நடக்கும்.

தாளின் அடியில் எட்டாவதாக ஒரு கேள்வி, கூட்டலில் சேராதது. மிச்ச ஆயுளும் இப்படியே கழிந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பரம சந்தோஷத்துக்குச் சைபர், பயங்கரத்துக்கு ஆறு.

'இதை ஏன் சார் விட்டுட்டீங்க?'

சொல்லத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் யோசிக்கவே இல்லை.

'அஞ்சு போட்டுக்குங்க டாக்டர்' என்றாள்.