தரங்கம்பாடியில் கற்ற பாடம்

"எழுத்து பெரிசானால் புத்தகம் தடிக்கும். சிறிசானால் உங்கள் பாட்டிக்குக் கண் தெரியாது. எது வேண்டும், சொல்லுங்கள்!"

அச்சக மானேஜர் இப்படிக் கேட்டதும் விழித்தேன். பாட்டிக்கு 80 வயது நிறைகிறது. அவள் வாயால் சொன்ன சமையல் குறிப்புகளை 16 பக்கப் புத்தகமாகப் போட்டு அவள் கையில் கொடுக்க ஆசை. 16 பக்கம் என்றால் ஒரே தாளில் அடித்து மடித்துவிடலாம். 17-வது பக்கம் வந்தால் இன்னொரு தாள், கூடுதல் செலவு.

"ரசக் குறிப்பை மட்டும் மூன்று விதமாக அமைத்துப் பாருங்கள்" என்று பயிற்சி கொடுத்தார் மானேஜர். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். முதலில் கொடியும் பூவுமாக வளைந்த எழுத்து. ரசம் கல்யாணப் பத்திரிகையாகிவிட்டது! அடுத்து 9 பாயிண்ட். பக்கம் அடங்கியது, பாட்டி தாளை மூக்கருகே கொண்டு போனாள். பிறகு 16 பாயிண்ட். பாட்டிக்குத் திருப்தி, ஆனால் புத்தகம் 27 பக்கம்!

இந்தச் சங்கடத்தில் இருந்தபோதுதான் ஆபீஸில் என்னைத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள்.

மயிலாடுதுறையில் பஸ் ஏறிப் போய் இறங்கினால், 1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயில் வரவேற்கிறது. அதைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் கடற்காற்று முகத்தில் மோதுகிறது. வீதிக் கோடியில், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டை. வழியில் புதிய எருசலேம் ஆலயம். 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, 1718-ல் எழுப்பிய ஆலயம் அது. மறு வருஷமே காலமாகி, அதிலேயே துயில்கிறார்.

"அவருக்கும் எழுத்துத் தகராறு வந்தது, தெரியுமோ அம்மா?" என்றார் உடன் வந்த உள்ளூர்ப் பெரியவர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அச்சுப் பொறி வந்தது 1712-ல். தமிழ் எழுத்துகள் 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்தன. இங்கிருந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்து அங்கே வார்த்தவை. வந்தவையோ பெரிய பெரிய எழுத்துகள்! கப்பலில் வரும் காகிதமோ கொஞ்சம். அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் கட்டுப்படியாகுமா? ஆட்லர் என்ற அச்சுக் கலைஞர் இங்கேயே சின்ன எழுத்துகளைப் புதிதாக வார்த்தார். பாலாடைக் கட்டி வந்த ஈயப் பெட்டிகளைக்கூட உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. 1715-ல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதக் கஷ்டம் தீரப் பக்கத்துப் பொறையாறில் ஆலையும் வைத்தார்கள்.

கோட்டை மதிலில் உட்கார்ந்து அலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெரிய எழுத்தைச் சுருக்கினால் மட்டும் சின்ன எழுத்தாகிவிடாது. சின்ன அளவுக்கென்றே வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் 'ண'வின் சுழிகள் மையில் அடைத்துப் போகும். மேலே விசிறி, கீழே சுழி என்று நீளும் நம் எழுத்துகளுக்கு வரிக்கு வரி மூச்சு விட இடமும் வேண்டும்.

ஊர் திரும்பினேன். சுழிகள் நன்றாகத் திறந்த, ஆடம்பரமில்லாத ஓர் எழுத்தை எடுத்தேன், 12 பாயிண்ட். வரிகளைத் தள்ளி வைத்தேன். பண்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்காமல் ஒரே பத்தியாக ஓட்டினேன். ஒவ்வொரு குறிப்பிலும் வந்த "உப்பு தேவையான அளவு" என்பதைக் கடைசியில் ஒரே தடவை போட்டேன். இன்னும் இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் குறைத்தேன். 16 பக்கம்! மானேஜர் முதுகில் தட்டாத குறை.

பிறந்த நாளன்று பாட்டி புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்தாள். மூக்கருகே போகவில்லை. யாரையும் படிக்கச் சொல்லவுமில்லை. பக்கம் பக்கமாகத் தானே படித்தாள். எனக்குக் கண் கலங்கிற்று.

ரசத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"எழுத்தெல்லாம் முத்து முத்தாய்த்தான் இருக்கு. பெருங்காயத்தை எங்கேடி விட்டே?"