வாயில் ஊறும் சீவாளி

அந்த நாகஸ்வரக்காரர் வாயில் சீவாளி இருந்தது. அதனால் முதல் கால்மணி நேரம் நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான் பதில். ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில், ‘அப்புறம் சொல்றேன்’ என்றால் கண்ணை மூடித் திறப்பார். மேல்கோட்டை செலுவநாராயண சுவாமி கோயிலுக்கு வெளியே ஒரு கல் திண்ணை. மாலை ஐந்து மணி. சுவாமி புறப்பாட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

முந்தின நாள் இரவு இதே காட்சியை வேறோர் இடத்தில் பார்த்திருந்தேன். பெங்களூரில் வைட்ஃபீல்டில் ஒரு சின்ன அரங்கு, நாலு பேர் கொண்ட ஜாஸ் குழு. டிரம்ஸ்காரர் திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருக்க, சாக்ஸபோன்காரர் ஒரு நாணல் துண்டை உதட்டில் கவ்வியபடி சுவரில் சாய்ந்து நின்றார். வெற்றிலைக் காம்பைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஊர்ப் பெரியவர் மாதிரி இருந்தது. பக்கத்து நாற்காலி நண்பர்தான் சொன்னார்: நாணல் எச்சிலில் நன்றாக ஊறினால்தான் பேசும். ஊறாத நாணலை ஊதினால் வாத்து கத்தும்.

மறுநாள் காலை மைசூர்ப் பக்கம் பேருந்து ஏறியபோது நாகஸ்வரம் கேட்கும் எண்ணமே எனக்கு இல்லை. மேல்கோட்டைப் புளியோதரையும் கல்யாணிக் குளமும்தான் திட்டம். திண்ணையில் அந்த மனிதரையும் அவர் வாயில் சீவாளியையும் கண்டதும் புளியோதரை ஒத்திப்போயிற்று.

மேல்கோட்டை மைசூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். 1939-இல் மண்டியா தனி மாவட்டமாகப் பிரியும் வரை மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. வைணவர்களுக்கு இது திருநாராயணபுரம். இராமானுஜர் பல ஆண்டுகள் தங்கியிருந்த ஊர். அவர் ஸ்ரீரங்கம் திரும்பும்போது பிரிய மனமில்லாத அடியார்கள் செய்துவைத்துக்கொண்ட உருவம் ‘தமர் உகந்த திருமேனி’ என்ற பெயரில் இன்றும் இங்கே இருக்கிறது. உற்சவரின் செல்லப் பெயரே செல்லப்பிள்ளை. கன்னட ஊரின் நடுவே, வீட்டுக்குள் தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார்களின் தெருக்கள். இங்கே ஒரு தமிழ் இசைக்கருவி ஒலிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அதைக் கவனிக்க ஒரு ஜாஸ் குழு தேவைப்பட்டது.

சீவாளி ஒருவழியாக வாயை விட்டு வெளியே வந்தது. கட்டைவிரல் நகத்தால் அதன் நுனியை மெல்ல அழுத்திப் பார்த்தார். இரண்டு உதடுகள் ஒன்றையொன்று தொடுவது போல இரு நாணல் தகடுகள். நடுவே முடி நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அந்தப் பிளவு கூடினால் மூச்சு வீணாகும்; குறைந்தால் சுரம் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை வெறும் சீவாளியை மட்டும் ஊதினார். ‘கீய்ங்’ என்றது. முகம் சுளித்து, நாகஸ்வரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த கொத்திலிருந்து வேறொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மறுபடியும் தலையாட்டல் காலம்.

“இந்த மலைக் காத்துக்கு சீக்கிரம் காய்ஞ்சுடும் சார்,” என்றார், அதுவும் ஊறி முடிந்த பிறகு. “கீழ மண்டியாவுல நல்லாப் பேசுறது இங்க மேல வந்தா முரண்டு பிடிக்கும். அதான் நாலஞ்சு கையில வெச்சிருப்பேன். எது இன்னிக்கு நம்ம பேச்சைக் கேக்குதோ, அதுதான் இன்னிக்கு வித்வான்.”

மூன்று தலைமுறைக்கு முன் கும்பகோணம் பக்கமிருந்து வந்த குடும்பம். பேசும் தமிழில் நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். ஆனால் தொழில் சொற்கள் அத்தனையும் தஞ்சாவூர்த் தமிழ்தான். மரக்குழல் உலவு, அதன் அடியில் விரிந்த வாய் அணைசு, சீவாளி செருகும் உலோகக் குழல் கெண்டை. உலவில் விரல் வைக்கும் துளை ஏழு. மூடித் திறக்காமல் சுருதி சேர்ப்பதற்கென்றே இன்னும் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றை மெழுகால் பாதி அடைத்திருந்தார்.

உலவு நரசிங்கம்பேட்டையில் கடைந்தது. ஆடுதுறைக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில்தான் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் செய்கிறார்கள். பச்சை மரம் உதவாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரத்திலிருந்தும் தூணிலிருந்தும் வரும் மரம்தான் வேண்டும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து ஈரமெல்லாம் போயிருக்க வேண்டும். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஊர் ரங்கநாதன் ஆசாரிதான் 1955-இல் நாகஸ்வர வித்வான் டி.என். இராஜரத்தினம் பிள்ளைக்காக நீளமான பாரி நாகஸ்வரத்தைச் சீர்செய்து கொடுத்தவர். அதுவரை தகராறு செய்துவந்த சுத்த மத்தியமம் அதில் ஒழுங்காகப் பேசியது. அதற்கு முன் பரவலாக இருந்த குட்டையான திமிரி, சுருதி ஏறிய கருவி. பாரியில் சுருதி இறங்கியது. ராகத்தை நின்று நிதானித்து வாசிக்க இடம் கிடைத்தது.

சீவாளி திருவாவடுதுறைப் பக்கத்திலிருந்து வருகிறது. காவிரிக் கரையில் விளையும் கொறுக்கந்தட்டையை வெட்டிப் பதப்படுத்திச் செய்வது. “எந்த ஆத்துத் தட்டை?” என்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே மலைக்குக் கீழே கை காட்டினார். அந்தத் திசையில்தான் காவிரி ஓடும் ஸ்ரீரங்கப்பட்டணம். தண்ணீர் இங்கிருந்து கீழே போகிறது. அதில் விளைந்த சீவாளி திரும்ப மேலே வருகிறது. இந்தப் பங்கீட்டில் யாருக்கும் வழக்கு இல்லை.

தவில்காரர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தமிழ் புரியும், பேச வராது. கன்னடத்தில் தவிலுக்கு டோலு என்று பெயர். இந்தக் கூட்டுக்கே வாலக என்பார்கள். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து வலக்கை விரல்களுக்குக் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டினார். துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிக் காயவைத்த உறைகள் அவை. தட்டினால் கூழாங்கல் போல ஓசை. வலப்பக்க வலந்தலைக்குக் கூடுபோட்ட விரல்கள், தொப்பி எனும் இடப்பக்கத்துக்கு இடக்கையில் குச்சி. பலா மரத்தில் குடைந்த கட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபோது அவர் உடம்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஒத்து ஊதுகிறவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பையன், கழுத்தில் பேட்டரி சுருதிப்பெட்டியோடு. தாளம் போட இன்னொருவர். மொத்தம் நாலு பேர். முந்தின நாள் இரவும் நாலு பேர்தான்.

புறப்பாடு தொடங்கியது. பெரிய திருவிழா ஒன்றுமில்லை, வழக்கமான ஒரு நாள். நாகஸ்வரம் முன்னால், பின்னால் பிரபந்த கோஷ்டி, அதன் பின்னால் செல்லப்பிள்ளை. கம்பீர நாட்டையில் சுருக்கமாகத் தொடங்கினார். நடக்கும்போது எல்லாம் கட்டுக்குள் இருந்தது. கால் நடைக்கு ஏற்ற தாளம், அளந்து வைத்த சங்கதி. நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன்.

தெரு முனையில் ஒரு வீட்டு வாசலில் ஆரத்தி. சுவாமி நின்றார். நாகஸ்வரமும் நின்றது, அதாவது கால் நின்றது, காற்று நிற்கவில்லை. ஒற்றைக் காந்தாரத்தில் ஒரு நீண்ட கார்வை. அதை விட்டுவிடுவது போலப் போக்குக் காட்டி மறுபடி தொட்டார். பிரதி மத்தியமம் வந்ததும் கல்யாணி என்று தெரிந்துபோயிற்று. நாலைந்து பிடிகள்தான் வாசித்திருப்பார். ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் ஏற்ற, ராகத்தைச் சட்டென்று மடித்து வைத்துவிட்டு நடந்தார். பாயைச் சுருட்டுகிற அவசரமும் இல்லை, பாதியில் விட்ட குறையும் இல்லை.

அப்போதுதான் இந்தத் தொழிலின் கணக்கு எனக்குப் புரிந்தது. அடுத்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று அவருக்குத் தெரியாது. அரை நிமிடமாகவும் இருக்கலாம், பத்து நிமிடமாகவும் இருக்கலாம். எந்த நொடியிலும் முடிக்கத் தயாராக இருந்துகொண்டே, முடிவே இல்லாதவர் போல விரித்துக்கொண்டு போக வேண்டும். சபா மேடையில் உட்கார்ந்து பாடுகிறவருக்குக் கைக்கடிகாரம் உண்டு. இவருக்குச் சுவாமியின் தோள்தான் கடிகாரம்.

மூன்றாவது முனையில் அந்தப் பத்து நிமிடம் வாய்த்தது. சுவாமியின் குடை ஒரு கேபிள் டிவி கம்பியில் சிக்கிக்கொண்டது. ஒருவர் கொம்பு தேடிப் போனார். விட்ட இடத்திலிருந்து கல்யாணி கிளம்பியது. இந்த முறை கீழிருந்து, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாக. பிறகு ஒரே மூச்சில் மேல் ஷட்ஜத்துக்கு ஏறி அங்கேயே நின்றார். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. பத்தடி தள்ளி நின்ற என் நெஞ்செலும்பில் அந்த ஓசை அதிர்ந்தது. மைக் வைத்த எந்த அரங்கிலும் இது நடக்காது. தவில்காரர் அதுவரை ஒற்றைத் தட்டோடு காத்திருந்தவர், கார்வை முடிந்த இடத்தில் ஒரு சிறு சொற்கட்டை எறிந்தார். பெரியவர் திரும்பிப் பார்க்காமலே அதே கணக்கைச் சுரத்தில் திருப்பிக் கொடுத்தார். அவர் எட்டு கொடுத்தால் இவர் எட்டு, பிறகு நாலு, பிறகு இரண்டு. முந்தின நாள் இரவு சாக்ஸபோனும் டிரம்ஸும் இப்படித்தான் நாலு நாலு தாளவட்டமாகப் பங்கு போட்டுப் பேசிக்கொண்டன. கம்பியிலிருந்து குடை விடுபட்டதும் ஒரு மோரா, முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. தெருவில் கைதட்டும் வழக்கம் இல்லை.

ஜாஸும் தெருவில் நடந்து வளர்ந்ததுதான். நியூ ஆர்லியன்ஸில் சவ ஊர்வலத்துக்கு முன்னால் போன பித்தளை வாத்தியக் குழுக்களுக்கு அதன் பிறப்பில் பெரிய பங்கு உண்டு. அந்தக் குழுவின் பின்னாலேயே ஆடிக்கொண்டு போகிற கூட்டத்துக்கு ‘இரண்டாம் வரிசை’ என்று தனிப் பெயரே இருக்கிறது. பின்னால் சுவர்களுக்குள் வந்த பிறகும் அது சின்ன இடங்களையே பிடித்துக்கொண்டது. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஒரு நிலவறை. நூற்றுச் சொச்சம் பேர்தான் உட்காரலாம். 1961-இல் ஜான் கோல்ட்ரேன் ‘இந்தியா’ என்று பெயரிட்ட தன் இசையை வாசித்துப் பதிவு செய்தது அங்கேதான்.

இரண்டு பக்கமும் ஏற்கெனவே கைகுலுக்கிக்கொண்டவைதான். அந்தச் சந்திப்பில் மைசூருக்கும் பங்கு உண்டு. நாகஸ்வர வித்வானின் மகன் கத்ரி கோபால்நாத், சின்ன வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கித்தான் அதைக் கையில் எடுத்தார். கமகம் பேசாத கருவியைப் பேசவைக்க அவருக்கு ஆண்டுகள் பல பிடித்தன. 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு சேர்ந்து வாசித்தார். எதிர்த்திசையில் வந்தவர் சார்லி மரியானோ. அமெரிக்க ஜாஸ் கலைஞரான அவர் நாகஸ்வரம் கற்று, அதை ஜாஸ் இசைத்தட்டுகளில் வாசித்தார். பெங்களூர் ‘கர்நாடக காலேஜ் ஆஃப் பெர்கஷன்’ குழுவோடு அவர் சேர்ந்து செய்த ‘ஜோதி’ 1983-இல் வந்தது.

புறப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். கோபால்நாத் பெயரைக் கேட்டதும் கைகூப்பினார். பிறகு சிரித்தார். “அவர் சாக்ஸபோனை நாகஸ்வரமா ஆக்கினார் சார். இப்போ கல்யாணத்துக்கு நாகஸ்வரத்துக்குப் பதிலா சாக்ஸபோன் கேக்குறாங்க. நல்லாத்தான் வாசிக்கிறாங்க, ஹௌது. எங்களுக்கு முகூர்த்தம் கொறைஞ்சுபோச்சு.” மகன் மைசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாசிக்கத் தெரியும், ஆனால் லீவு கிடைத்தால்தான் வாசிப்பான்.

“வைரமுடிக்கு வாங்க,” என்று தவில்காரர் கன்னடத்தில் அழைத்தார். பங்குனியில் வைரமுடி சேவையன்று மண்டியா கருவூலத்திலிருந்து கிரீடம் வரும். ராத்திரி முழுக்க மலையில் ஜனம் நிரம்பி வழியும். பெரியவர் மறித்தார். “வேணாம் சார். அன்னிக்கு நான் வாசிக்கிறது எனக்கே கேக்காது. இந்த மாதிரி வெறும் நாள்ல வாங்க. ரெண்டு பேர் நின்னு கேட்டாப் போதும், விரல் தானா ஓடும். இன்னிக்கு மூணாவது முனையில நீங்க நின்னீங்க, எதிர்த் திண்ணைப் பாட்டி ஒருத்தங்க கைவேலையைக் கீழ வெச்சாங்க. அதான் மேல ஷட்ஜத்துல உக்காந்தேன்.”

அந்தப் பாட்டியை நான் கவனிக்கவே இல்லை. பத்தடி தூரத்தில் மூச்சடக்கி ஊதிக்கொண்டிருந்தவர் கவனித்திருக்கிறார்.

என் தங்கை கல்யாணத்தில் நல்ல நாகஸ்வரம் வைத்திருந்தோம். முதல் பந்தியைப் பிடிக்கிற அவசரத்தில் நான் கேட்கவில்லை. அங்கே யார் கேட்டார்கள் என்றும் நினைவில்லை. இப்போது பல கோயில்களில் பொத்தானை அழுத்தினால் அடிக்கிற மோட்டார் மேளம் வந்துவிட்டது. அது நன்றாகவே அடிக்கும். எதிரே பாட்டி கைவேலையைக் கீழே வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். ஜாஸ் கேட்க டிக்கெட் வாங்கி, முன்வரிசை பார்த்து உட்கார்ந்து, போனை அணைத்து வைக்கிறோம். அதில் பாதி மரியாதை நம் தெரு முனையில் நிற்கிறவருக்குக் கிடைத்தால்கூட அவர் கல்யாணியை இன்னொரு படி மேலே கொண்டு போவார்.

அடுத்த முறை சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் கேட்டால், சுவாமியைச் சேவித்த கையோடு முன்னால் போங்கள். பத்தடி தள்ளி, பேசாமல், அந்த ராகம் முடியும் வரை நில்லுங்கள். அவர் அரை மணி நேரம் சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டு காத்திருந்தது அதற்காகத்தான்.