கோடு போட்ட கை

டிராயிங் ஹால்னு சொன்னாலே நமக்கு என்ன ஞாபகம் வரும்? கால் கடுக்க நிற்பது, வியர்வை பட்டு அழுக்காகும் ஷீட், "லைன் இன்னும் டார்க்கா வரணும்" என்று திருப்பித் தரும் சார்! நாம் சப்மிஷனுக்காகப் பிடிக்கும் அதே மாதிரிக் கருவிகளை வைத்து வருஷக்கணக்கில் கோடு போட்டார் ஒரு பெண். அவர் டிராஃப்ட்ஸ்மேன் அல்ல, ஓவியர். பெயர் நஸ்ரீன் முகமதி.

1937-ல் கராச்சியில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் பம்பாய்க்கு வந்துவிட்டது. 1954 முதல் 1957 வரை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியில் படித்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் பாரிஸிலும் பயின்றார். 1972-ல் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

ஆரம்பத்தில் அவர் படங்களில் செடி, கிளை, நிலம் எல்லாம் மங்கலாகத் தெரியும். போகப் போக அதெல்லாம் உதிர்ந்துவிட்டது. எழுபதுகளில் மிஞ்சியது வெள்ளைத் தாள், இங்க், பென்சில், கோடு. அவ்வளவுதான்!

அச்சில் வந்த அவர் படம் ஒன்றை ஹாஸ்டலில் காட்டினேன். "இது எந்த பார்ட்டுடா? டைமென்ஷனே இல்லையே!" என்றான் நண்பன். நியாயமான கேள்விதான். நம்ம ஷீட்டில் வேலையில்லாத கோடே கிடையாது. கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு அழுத்தமான கோடு, மறைந்த விளிம்புக்கு விட்டு விட்டுப் போடும் கோடு, நடுவே சென்டர் லைன். எல்லாமே வேறொரு பொருளைக் காட்டத்தான். நஸ்ரீனின் கோடு எதையும் காட்டுவதற்காக வரவில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள். இருபது இணைகோடுகள் போட்டு, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். தட்டையான தாள் உள்ளே சரிவது போலத் தெரியும். அந்தச் சரிவுதான் அவருடைய படம்.

நாம் மூலையில் டைட்டில் பிளாக் போட்டு பெயர், நம்பர், தேதி, ஸ்கேல் எல்லாம் எழுதுவோம். அவரோ பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் வைக்கவில்லை, தேதியும் போடவில்லை. கேமராவும் வைத்திருந்தார். தறியில் பூட்டிய நூல், கடல் அலை விட்டுப்போன தடம், பதேபூர் சிக்ரியின் கற்கள் என்று நிறைய எடுத்தார். வாழ்நாளில் அந்தப் புகைப்படங்களைக் கண்காட்சிக்கு வைக்கவே இல்லை.

இனிதான் முக்கியமான விஷயம். நரம்பு நோய் ஒன்று அவர் உடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்வசத்தில் இல்லாமல் ஆக்கியது. அசைவுகளை அடக்குவதே கஷ்டமாகிவிட்டது. எண்பதுகளில் போட்ட படங்களைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. சாய்கோடுகளும் வளைவுகளும் பிசிறில்லாமல் வெள்ளைத் தாளில் மிதக்கின்றன! 1990-ல், பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோர ஊரில் காலமானார். 2016-ல் நியூயார்க்கில் 'மெட் பிராயர்' அருங்காட்சியகம் திறந்தபோது, அதன் முதல் கண்காட்சிகளில் ஒன்று இவருடையது.

இன்று ஆட்டோகேட் இருக்கிறது. இரண்டு புள்ளியைக் காட்டினால் கோடு விழுந்துவிடும். அது நேராக இருப்பதில் என்ன பெருமை? நேராக இருப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை! அடங்காத உடம்பை ஒவ்வொரு முறையும் அடக்கி, மதிப்பெண் போட யாருமில்லாத ஒரு தாளில், அந்த அம்மையார் போட்ட கோடு வேறு ஜாதி. அடுத்த ஷீட்டை மடிக்கும் முன் உங்கள் கோடுகளை ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள், நண்பர்களே!